பொட்டு வைத்த மெயின் சுவிட்ச்

அத்தியாயம் 23

"அந்த மனுஷனாவது, இறங்கி வர்றதாவது!" என்று போன வாரம் முகத்தைச் சுளித்தவர்கள் எல்லாம் இப்போது நம்பித்தான் ஆக வேண்டும். ஞானசம்பந்தம் இறங்கி வந்துவிட்டார்.

மகள் பெயரைச் சொன்னாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டிருந்த மனிதர், தானே போன் போட்டார். "புதன்கிழமை புது ஜெனரேட்டருக்குப் பூஜை. மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு கண்ணு" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

அந்த "மாப்பிள்ளை" என்ற ஒரு வார்த்தைக்காக அனுப்ரியா ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். தறி ஓட்டிப் பிழைத்து, பனியன் துணிக்கு மாறி, முருகனுக்குக் காவடி எடுக்கிற குடும்பத்துப் பெண் அவள். ஜெயபாண்டி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வீட்டுப் பிள்ளை. கரண்டு ஆபீசில் ஒப்பந்தக் கூலிக்குக் கம்பம் ஏறுகிறவன். இரண்டு பேரும் மாலை மாற்றிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டு வாசல் இவர்களுக்கு இல்லை.

இப்போது தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. தலை தீபாவளிக்கு அப்பா கூப்பிடுவாரா என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது.

புதன்கிழமை காலையில் தங்கள் வாடகை லைன் வீட்டு வாசலில் நின்று ஜெயபாண்டி சைக்கிளைத் துடைத்தான். தோளில் கயிறும், இடுப்பில் துணிப்பையும் இருந்தன.

"இன்னிக்கும் வேலைக்கா? லீவு போடறேன்னு சொன்னீங்கல்ல?" என்றாள் அனுப்ரியா.

"முழு நாளும் இல்ல அனு. ஒரே ஒரு கம்பம். உங்க அப்பா ஷெட்டுக்குப் போற லைன்ல ஒரு ஃபேஸ் விட்டு விட்டு வருதாம். மாமா ரெண்டு மாசமாப் புகார் சொல்லிட்டு இருக்காரு, ஆபீசுல ஆளில்ல. இன்னிக்குக் கரண்டு கட் நேரத்துல ஏறி அதைச் சரி பண்ணிட்டு, நேரா பூஜைக்கு வந்துர்றேன்."

"இன்னிக்குத்தான் அதைச் செய்யோணுமா?"

"மொத மொத மாமனார் வாசல்ல கால் வைக்கப் போறேன். சீர் கொண்டு வர எனக்கு வக்கு இல்ல. கரண்டையாவது ஒழுங்காக் கொண்டு வர்றேனே." சிரித்தான். "அம்புட்டுந்தேன் நம்மால முடியும்."

"பாத்து ஏறுங்க. கையுறை கூடத் தர்றதில்ல உங்க ஆபீசுல."

"எத்தன தடவ சொல்லியிருக்கேன்? டிரான்ஸ்ஃபார்மர்ல பியூஸ் மூணையும் புடுங்கி என் பையில போட்டுக்கிட்டுத்தேன் ஏறுவேன். பியூஸ் என் இடுப்புல இருக்கும்போது எமனே வந்தாலும் கரண்டு குடுக்க முடியாது." பையைத் தட்டிக் காட்டிவிட்டு சைக்கிளை மிதித்தான்.

அவள் அரக்கு நிறச் சேலையை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

ஞானசம்பந்தத்தின் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டில் அந்நேரம் பூஜைக்கு முன்னால் சண்டைதான் நடந்துகொண்டிருந்தது.

புது ஜெனரேட்டர் என்றுதான் பேர். கரூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு மில்லிலிருந்து வந்த பழசு அது. பச்சைப் பெயின்ட் அடித்து, சந்தனம் பூசி, பக்கத்து வீட்டு மதிலை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு ரங்காத்தாள் சும்மா விடுவாளா?

"ஏனுங்க, புகைக் குழாயை எங்கூட்டுச் சன்னலைப் பாத்துத்தான் வெக்கோணுமா? தெருவுல ஏற்கனவே நாலு பேரு வெச்சிருக்கறாங்க. தொவைச்ச துணி பூராக் கரி. உங்க பனியனை வெள்ளக்காரன் போட்டுக்குவான், இந்தக் கரியை நாங்க குடிக்கோணுமா?"

"நான் ஆசைப்பட்டா டீசல் ஊத்தறேன்?" என்று ஞானசம்பந்தம் எகிறினார். "பகல்ல கட்டு, சாயங்காலம் கட்டு, வாரத்துல ஒரு நாள் முச்சூடும் கட்டு. ஒவ்வொருக்கா மெஷின் நின்னு ஓடறப்பவும் துணியில கோடு உழுகுது. கோடு உழுந்த துணிய எவன் வாங்குவான்? கிறிஸ்துமஸ் சரக்கு கப்பல் ஏறோணும். காத்தாலைக் காத்தாடி சுத்தறப்ப கரண்டு தர்றானுங்க. ஐப்பசியில காத்து நின்னு போச்சு. 'காத்தடிக்கலீங்க, பொறுத்துக்கோங்க'ன்னு சரக்கு வாங்கற பையருக்கு நான் சொல்ல முடியுமா?"

"காத்தாடியப் பத்தி எங்கிட்டச் சொல்லாதீங்க. குண்டடத்துல எங்க வெள்ளாமைக் காட்டைச் சுத்தி அதுதான் நிக்குது. கரண்டு மில்லுக்காரனுக்குப் போகுது. அது சுத்த ஆரமிச்சதுல இருந்து மழை மேகம் நிக்கறதில்லைங்கறாங்க எங்கூர்ச் சனம்."

"உங்களுக்கு என்ன கொறை? மோட்டாருக்கு ஓசிக் கரண்டு! பில்லுக் கட்டறவன் நானு, கட்டு எனக்கு!"

ரங்காத்தாளின் குரல் சட்டென்று இறங்கிப் போயிற்று. "ஓசிக் கரண்டு குடுத்தாங்கன்னு ராவும் பகலும் ஓட்டினோமுங்க. போருல தண்ணி ஆயிரமடிக்குப் போயி, அப்புறம் புழுதிதான் வந்துச்சு. காட்டைப் போட்டுட்டு இங்க வந்து குடியிருக்கறேன். ஓசின்னு சொல்லி எதைக் குடுத்து எதைப் புடுங்கினாங்கன்னு இப்பத்தான் தெரியுது."

  "பூஜை முடிஞ்சு பொங்கல் தர்றோம், கோவிச்சுக்காதீங்க" என்றார் ஞானசம்பந்தம். குழாயை வேறு பக்கம் திருப்புவதாக வாக்கும் கொடுத்தார். அவள் முனகிக்கொண்டே உள்ளே போனாள்.

மகன் முருகவேலின் செல்போன் அடித்தது. எலெக்ட்ரீஷியன் ராமர்.

"மெயினுக்கும் ஜெனரேட்டருக்கும் மாத்தற சேஞ்ச் ஓவர் ஹேண்டில் இன்னும் வரலீங்க. கோயமுத்தூர்ல இருந்து பஸ்ல போட்டு விட்டிருக்கறாங்க. கேபிளை மட்டும் போர்டுல கட்டி வெச்சிருக்கறேன். நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"பன்னெண்டுக்கு ராகு காலம் ராமர். அப்பா ஒத்துக்க மாட்டாரு. பூஜைக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்திடறோம்."

"அப்படீன்னா ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. மெயினைக் கீழ எறக்கிட்டுப் போடுங்க. மெயின் மேல இருந்துச்சுன்னா நம்ம ஜெனரேட்டர் கரண்டு ஷெட்டோட நிக்காது. அதே ஒயர்ல திரும்பி வெளிய லைனுக்குப் போயிரும். கட்டுன்னு நம்பி எவனாவது கம்பத்துல இருப்பான்."

"சரி, சரி, எறக்கிடறேன்" என்றான் முருகவேல். அப்போது நிஜமாகவே இறக்குவதாகத்தான் இருந்தான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த ஆட்டோ வாசலில் நின்றது. அனுப்ரியா இறங்கினாள்.

பழனியம்மாள் மகளைப் பார்த்ததும் கற்பூரத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், ஷெட்டில் வேலை செய்கிற பெண்களும் மூக்கை உறிஞ்சினார்கள். ஞானசம்பந்தம் பக்கத்தில் வரவில்லை. மகளுக்குப் பின்னால், ஆட்டோவுக்குள், தெரு முனையில் என்று யாரையோ தேடினார்.

"மாப்பிள்ளை வரலியா?"

"பக்கத்துலதான் லைன்ல வேலையா இருக்கறாருங்கப்பா. முடிச்சுட்டு நேரா இங்க வந்துருவாரு." எந்த லைன், யாருக்காக என்று அவள் சொல்லவில்லை. வந்து அவனே சொல்லட்டும், அப்பா முகம் மாறுவதைப் பார்க்கலாம் என்று ஆசையாக ஒளித்து வைத்துக்கொண்டாள். பாவி மகள், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா?

சொன்ன கட் நேரத்தில் கரண்டு போய் மெஷின்கள் ஓய்ந்தன. கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அனுப்ரியா போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கம்பத்தில் இருக்கும்போது அவன் போனைச் சைக்கிள் பையில் விட்டுவிடுவான்.

  ஞானசம்பந்தம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு ஆகப் போகுது. ராகு காலம் பொறந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது. மாப்பிள்ளை வந்து பொறுமையாச் சாப்பிடட்டும்." பிறகு மகளிடம் வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாக அவள் தலையில் கை வைத்தார். "நீயே தொடு கண்ணு. இந்த ஊட்டு மகாலட்சுமி நீதான். நீ போனதுல இருந்து தொழில்ல ஒண்ணும் வெளங்கல."

அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முருகவேல் மெயின் போர்டுக்குப் போனான். அந்த இரும்புப் பெட்டிக்கும் அம்மா பூஜை போட்டிருந்தாள். திருநீறு மூன்று பட்டை, நடுவில் குங்குமம், கைப்பிடியைச் சுற்றிச் செவ்வந்தி மாலை. மாலையை விலக்கிக் கைப்பிடியில் கை வைத்தான்.

"டேய், டேய்! என்னடா பண்றே?" என்று பழனியம்மாள் பதறினாள். "பொட்டு வெச்ச மெயினைப் போய் எறக்கறே? பொண்ணு இன்னிக்குத்தான் ஊட்டுக்கு வந்திருக்கறா. நல்ல காரியத்துல வெளக்க அணைக்கற மாதிரிடா அது."

"இல்லம்மா, ராமர் சொன்னான்..."

"ராமர் வந்து சொல்லட்டும். அப்புறம் எறக்கிக்கோ. அபசகுனமாப் பண்ணாத சாமி."

"என்னடா அங்க? நேரமாச்சு!" என்று அப்பா கத்தினார்.

கட் நேரம்தானே, கரண்டே இல்லாத கம்பியில் என்ன ஆகிவிடப் போகிறது, அஞ்சு நிமிஷம் என்று முருகவேல் நினைத்தான். கையை எடுத்துவிட்டான். மாலையை நேராகக்கூடச் சரி செய்துவிட்டு வந்தான்.

பச்சைப் பொத்தானின் மேலும் அம்மா குங்குமம் வைத்திருந்தாள். அனுப்ரியா "முருகா" என்று சொல்லி, வலது கைக் கட்டை விரலால் அழுத்தினாள்.

ஜெனரேட்டர் ஒரு தடவை இருமிவிட்டு உறுமியது. கரும்புகை மதிலைத் தாண்டியது. ஷெட்டில் டியூப் லைட்டுகள் எரிந்தன. பெண்கள் குலவை போட்டார்கள், எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரங்காத்தாளின் டிவி பாட ஆரம்பித்தது.

"ஏனுங்க!" என்று அவள் சன்னலில் தலையை நீட்டினாள். கோபமெல்லாம் போய்ச் சிரித்தாள். "எங்கூட்டு ஃபேன் சுத்துதுங்க! கட்டை எடுத்துட்டாங்களாட்ட இருக்குது!"

ஞானசம்பந்தத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்ளா! எம்பொண்ணு கை வெச்ச நேரம், தெருவுக்கே கரண்டு வந்துருச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். அனுப்ரியா வெட்கப்பட்டுக்கொண்டே, "அம்மா, அவருக்குப் பொங்கல் தனியா எடுத்து வையுங்க, முந்திரி நெறைய எச்சாப் போட்டு" என்றாள்.

முருகவேலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ரங்காத்தாள் வீட்டு டிவியையே கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு ஓடினான். மெயின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தான். மாலை அறுந்து செவ்வந்தி தரையெல்லாம் சிதறியது.

பக்கத்து வீட்டில் பாட்டு நின்றது.

"அடப் போங்க, திரும்பவும் புடுங்கிட்டாங்க!" என்றாள் ரங்காத்தாள்.

அதே நேரத்தில் பின் தெருவிலிருந்து டீக்கடைக்காரர் அலறுகிற சத்தம் கேட்டது. "ஓடியாங்க! கம்பத்துல ஆள் தொங்கறாருங்க! ஒயர்மேன் தம்பிங்க!"

கம்பத்தடியில் சைக்கிள் நின்றது. மேலே, இடுப்பில் கட்டிய கயிற்றில் தலை தொங்க, ஜெயபாண்டி.  நான்கு பேர் ஏறி இறக்கினார்கள். இறக்கிப் படுக்க வைத்தபோது இடுப்புப் பை சரிந்து, மூன்று பியூஸும் ரோட்டில் விழுந்தன. மூன்றும் இருந்தன. அவன் செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தான்.

ஷெட்டு டெம்போவில், வெள்ளைத் துணி ரோல்களுக்கு நடுவே அவனைக் கிடத்தினார்கள். அனுப்ரியா பொங்கல் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். சைக்கிளைப் பார்த்த பிறகுதான் கிண்ணம் கையிலிருந்து விழுந்தது. டெம்போவில் ஏறி, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "கண்ணை முழிங்க, ஏனுங்க, கண்ணை முழிங்க, அப்பா உங்களை மாப்பிள்ளைன்னு சொல்லிட்டாருங்க" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடி பார்த்தார், நெஞ்சை அமுக்கிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது என்பார்களே, இந்தக் குடும்பத்தில் உடைந்தது தாழியா? எழுதுகிற எனக்கே ஆறவில்லை.

ஞானசம்பந்தம் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் பையனை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை. மீசை கூட இன்னும் சரியாக அடர்ந்திருக்கவில்லை. "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். "எந்திரிங்க மாப்பிள்ளை. உங்களுக்கு வேட்டி எடுத்து வெச்சிருக்கறேன், பட்டுக்கரை." பிறகு வெளியே வந்தார்.

வேப்ப மரத்தடிக்கு முருகவேல் அவரை இழுத்துக்கொண்டு போனான்.

"அப்பா, நாமதானுங்க."

"என்னடா?"

"நம்ம ஜெனரேட்டருதானுங்கப்பா. மெயினை எறக்காமப் போட்டோம். ரங்காத்தா ஊட்டு டிவி ஓடுச்சே, அது நம்ம கரண்டு. அதே லைன்லதான் அவரு இருந்தாரு."

ஞானசம்பந்தத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மகன் வாயைக் கையால் பொத்தினார். 

"சொல்லாத. அவகிட்டச் சொல்லிராத சாமி. பொத்தானை அமுத்தினது அவ. நாந்தான் அவளை அமுத்தச் சொன்னேன். தெரிஞ்சா எம்பொண்ணு உசுரோட இருக்க மாட்டாடா."

"போலீஸ்ல கேப்பாங்களேப்பா."

ஞானசம்பந்தம் ஆஸ்பத்திரி வாசலைத் திரும்பிப் பார்த்தார். "ராமருக்குப் போன் போடு" என்றார். "போர்டுல இருக்கற கேபிளைக் கழட்டிறச் சொல்லு."

மகளுக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா? அந்த நேரத்தில் அவருக்கே தெரிந்திருக்காது. முருகவேல் போனை எடுத்தான். ராமர் பெயர் வரைக்கும் வந்தான். அழுத்தவில்லை, பையிலும் போடவில்லை.

சவக்கிடங்குப் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் அனுப்ரியா உட்கார்ந்திருந்தாள். பழனியம்மாள் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். கரண்டு ஆபீசிலிருந்து வந்த லைன் இன்ஸ்பெக்டர் கூடி நின்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பியூஸ் மூணும் அவன் பையிலேயே இருந்திருக்கு. மேல இருந்து கரண்டு வர வழியே இல்லீங்க. எவனோ ஜெனரேட்டரை லைனுக்குத் திருப்பி விட்டிருக்கான். அந்த டிரான்ஸ்ஃபார்மர்ல யார் யாரு ஜெனரேட்டர் வெச்சிருக்காங்களோ, ஒவ்வொண்ணாப் பாக்கோணும். அதுக்குள்ள கழட்டிருவானுங்க."

அனுப்ரியா தலையைத் தூக்கினாள். வந்ததிலிருந்து அவள் அழவில்லை. அண்ணனைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"கேட்டியாண்ணா? தானாச் சாகலீண்ணா. எவனோ கொன்னுட்டான். அவரு நம்ம ஷெட்டு லைனைச் சரி பண்ணத்தான் ஏறினாரு. அப்பாவுக்குச் சீராக் குடுக்கறதுக்கு. நாந்தான் சொல்லாம வெச்சிருந்தேன்."

முருகவேல் கையிலிருந்த போனைப் பின்னால் மறைத்துக்கொண்டான். 

"அந்தப் பொத்தானை அமுத்தின கை வெளங்குமா? சோத்தைத் தொட முடியாம அழுகிப் போகாதா அந்தக் கை?" அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பெருகிக்கொண்டு வந்தது. "நீ கண்டுபிடிண்ணா. ஆபீஸ்காரங்க விட்டுருவாங்க, நீ விடாத. அந்தக் கைக்கு வெலங்கு மாட்டறதை நான் பாக்கோணும். எனக்குச் சத்தியம் பண்ணு."

வலது கையை நீட்டினாள்.

வாசல் கேட்டைத் தாண்டி ரங்காத்தாள் உள்ளே வந்திருந்தாள். துக்கம் விசாரிக்கத்தான் வந்தாள். லைன் இன்ஸ்பெக்டர் அவளை நிறுத்தி ஏதோ கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். சொல்லும்போது ஆட்காட்டி விரலை மேலே தூக்கி, ஃபேன் சுற்றுகிற மாதிரி காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள்.

முருகவேல் அதைப் பார்த்தான். வேப்ப மரத்தடியில் நின்ற ஞானசம்பந்தமும் பார்த்தார்.

"பண்ணுண்ணா" என்றாள் அனுப்ரியா.

அவள் நீட்டிய கையின் கட்டை விரலில், பொத்தானில் பட்ட குங்குமம் இன்னும் அழியாமல் இருந்தது. முருகவேல் அந்தக் கையின் மேலேயே தன் கையை வைத்து, "சத்தியமாக் கண்ணு" என்றான்.